யூரேயின் வாழ்க்கை, என் கையெழுத்தில்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. கலை ஆர்வம், மனித நேயம், இரண்டு பண்பாடுகளின் சந்திப்பு என்றெல்லாம் பின்னால் யாராவது முன்னுரை எழுதினால் நம்பாதீர்கள். ஒரு மனிதருடைய வாழ்க்கையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய வேலை போயிற்று. இப்போது அதே வாழ்க்கையை இரண்டாம் தடவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பட்டும் புத்தி வராத ஜென்மம்.

அவர் பெயர் யூரே ஷ்கார்ப்பா. குரோவேஷியர், வயது நாற்பத்து மூன்று. எழுத்தாளர், தம்புரிட்சா என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருஷமாக ஆஹென் நகரத்து ஊசி ஆலை ஒன்றில் எந்திரம் ஓட்டுகிறார். நான் குருமூர்த்தி. அதே ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் ஆராய்ச்சி மாணவன். மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறேன். இதுவரை பதினொரு கதைகள் சென்னையிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்திருக்கின்றன. ஆகவே நானும் எழுத்தாளன்தான்.

2.

முதல் தொடக்கம்: "ஸ்லவோனியச் சமவெளியில் பிளம் மரங்கள் பூத்துக் குலுங்கிய ஒரு வசந்தகாலக் காலையில், எளிய குடியானவன் வீட்டில்..."

இந்த இடத்தில் என் அறைத்தோழன் பார்த்தசாரதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"நீ அங்க போயிருக்கியாடா?"

"இல்ல."

"பிளம் பூ என்ன கலர்?"

"வெள்ளையா இருக்கும்."

"இருக்கும்னா?"

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "இசையே அவனது மூச்சு. எழுத்தே அவனது..." (இதை அடிக்கப் பார்த்தசாரதி தேவைப்படவில்லை.)

மூன்றாம் தொடக்கம், உள்ளது உள்ளபடி: 1972 கோடை விடுமுறையில் ஊசி ஆலையில் ஆறு வாரம் வேலைக்குப் போனேன். வெளிநாட்டு மாணவர்கள் பலரும் விடுமுறையில் செய்வதுதான். தையல் எந்திர ஊசிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கோணலானவற்றைப் பொறுக்கிப் போட வேண்டும். கூடத்தின் அந்தக் கோடியில் ஒருவர் தடதடவென்று இடிக்கும் எந்திரத்தின் முன்னால் நிற்பார். ஊசிக்குக் காது குத்துவது அவர் வேலை.*

சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் ரொட்டியைப் பிரிப்பார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தைப் பிரிப்பார். எட்டிப் பார்த்தேன். கோழிக் கிறுக்கல். "என்ன எழுதறீங்க?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி உரக்கக் கேட்டேன். "நாவல். நீ கத்தாம இருந்தா முடிஞ்சிடும்" என்றார்.

* ஊசிக்குக் காது குத்தியே அவர் காது போகிறது என்ற சிலேடையை இந்தக் கதையில் எழுதுவதில்லை என்று சபதம் செய்திருந்தேன். அடிக்குறிப்பு கணக்கில் சேராது.

3.

ஒரு விஷயம். யூரே பேசுவது ஜெர்மன். அதில் எனக்கு முக்கால்வாசி புரியும். அந்த முக்காலைத் தமிழில் எழுதும்போது அவர் திருச்சி பாலக்கரையில் பிறந்தவர் போலத்தான் பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கதாபாத்திரத்தை நம்பலாமா என்பது. ஊரில் அவர் ரயில்வேத் தொழிலாளர் வாத்தியக் குழுவில் வாசித்தார், இரண்டு சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டார். இதுவரை சரி. ஆனால் ஊரை விட்டு ஏன் வந்தார்? முதல் தடவை கேட்டபோது, இரண்டாம் தொகுதியில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரைக் கிண்டல் செய்ததாகவும், அசல் ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் படித்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டாம் தடவை, மனைவி இன்னொருவரோடு போய்விட்டாள் என்றார். மூன்றாம் தடவை மனைவி அந்த ஸ்டேஷன் மாஸ்டரோடு போய்விட்டிருந்தாள்.

"எது நிஜம் யூரே?"

"எது உனக்குப் பிடிச்சிருக்கு?"

"நிஜம் எதுவோ அது."

"நீ இன்ஜினியர். அதான் உன் கதை எல்லாம் திரும்பி வருது."

கோபம் வந்தது. ஆனால் மனிதர் தம்புரிட்சாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாரானால் கோபம் நிற்காது. நம் தம்புரா போல அது சுருதிக்கு மட்டும் உட்கார்ந்திருக்கும் சாது அல்ல. துள்ளும், வம்புக்கிழுக்கும். எங்கள் சமையலறையில் அவர் வாசித்தபோது பார்த்தசாரதி கரண்டியால் மேசையில் தாளம் போட்டான். நானும் போட்டேன். "நீ மட்டும் நிறுத்து" என்றார் யூரே.

4.

போன வருஷம், 1973 செப்டம்பரில், காது டாக்டர் அவரிடம் சொன்னார்: அந்த எந்திரத்தின் முன்னால் இன்னும் ஒரு வருஷம் நின்றால் மேல் ஸ்வரங்கள் போய்விடும், திரும்பி வராது. வேலையை விடலாம் என்றால், வேறு வேலை கையில் இல்லாமல் விட்டால் தங்கும் அனுமதிக்கு ஆபத்து. இதைச் சொல்லும்போது யூரே சிரிக்கவில்லை, வேறு பதிப்பும் வைத்திருக்கவில்லை. அவர் சொன்னதில் இது ஒன்றைத்தான் நான் முழுசாக நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் இசைப்பள்ளி ஒன்று மாண்டலின் ஆசிரியர் தேவை என்று விளம்பரம் செய்தது. (பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். தேடிப் பார்க்காதீர்கள், நானே மாற்றி வைத்திருப்பேன்.) இங்கே சுற்றுவட்டாரச் சுரங்கத் தொழிலாளர்களிடம் மாண்டலின் குழுக்கள் நிறைய. தம்புரிட்சா வாசித்த விரலுக்கு மாண்டலின் சித்தப்பா பையன் மாதிரி. யூரேவுக்காகவே அளவெடுத்துத் தைத்த வேலை.

விண்ணப்பத்தோடு லேபென்ஸ்லாவ்ஃப் வைக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு. ஒரே பக்கம், பிறந்ததிலிருந்து இன்றுவரை, நடுவில் ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல், கைப்பட. மூன்று விதமாக ஊரைவிட்டு வந்த மனிதரிடம் போய் இதைக் கேட்கிறார்கள்.

யூரே என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி எழுதற. நீயே எழுதிடு, குரு."

எனக்கு அது தப்பென்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் கலெக்டர் ஆபீசுக்கு மனு என்றால், கையெழுத்து அழகாக இருப்பவர் எழுதுவார், சம்பந்தப்பட்டவர் கீழே ஒப்பமிடுவார். அதற்குப் பெயர் மோசடி இல்லை, மரியாதை. கைப்பட என்றால் டைப் அடிக்கக்கூடாது, அவ்வளவுதானே? யார் கை என்றா கேட்டார்கள்?

இரண்டு மாலை உட்கார்ந்து எழுதினேன். ஸ்டேஷன் மாஸ்டரை நீக்கினேன். மனைவியை நீக்கினேன். ஊர் சுற்றிக் கல்யாணங்களில் வாசித்த இரண்டு வருஷத்தை 'கலைப் பயிற்சி' ஆக்கினேன். எழுதி முடித்ததைப் படித்துவிட்டு யூரே, "நல்ல மனுஷனா இருக்கானே, யாரு இவன்?" என்றார். பிறகு ஒப்பமிட்டார். அவர் தங்கியிருந்த தொழிலாளர் விடுதியில் தபால் அடிக்கடி காணாமல் போகும் என்பதால், பதிலுக்கு என் முகவரியைக் கொடுத்தோம்.

5.

நவம்பர் கடைசியில் பெரிய கவர் வந்தது. பெறுநர்: திரு. ஷ்கார்ப்பா, மேற்பார்வை குருமூர்த்தி. மேற்பார்வை என்ற சொல்லை நான் கொஞ்சம் அகலமாகப் பொருள்கொண்டு கவரைப் பிரித்தேன்.

வருந்துகிறோம் என்று கடிதம். கூடவே அனுப்பிய தாள்கள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. இந்த நாட்டில் விண்ணப்பங்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சென்னைப் பத்திரிகைகளைப் போலவே. அவற்றோடு சேர்த்து, வெளியே போகக் கூடாத ஒரு தாளையும் யாரோ கவனிக்காமல் போட்டு அனுப்பியிருந்தார்கள். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்லும் நிபுணர் ஒருவரின் அறிக்கை. கைப்பட ஏன் கேட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தமிழில் தருகிறேன்: 'எழுதியவர் ஒழுங்கானவர், கீழ்ப்படிபவர். மேலதிகாரிகளிடம் அச்சம் உண்டு. தாள உணர்வு அறவே இல்லை. கற்பனை குறைவு. கலைப் பணிக்குப் பொருந்தமாட்டார். ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்குப் பரிந்துரைக்கலாம்.'

நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நிமிஷம் கொதித்தேன். கற்பனை குறைவாமே! யாருக்கு? பதினொரு கதை எழுதியவனுக்கா? அந்த நிபுணருக்கு மனத்துக்குள்ளேயே நாலு பக்கம் மறுப்புக் கடிதம் எழுதினேன். பதினோராவது நிமிஷத்தில்தான் யூரே ஞாபகத்துக்கு வந்தார். நான் கெட்டவன் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை இந்தக் கதையிலிருந்து நீக்கக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறேன்.

'கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது' என்பார்கள். என் கையெழுத்து நன்றாக இருந்ததற்கு இன்னொருத்தர் தலையெழுத்து கெட வேண்டுமா?

அறிக்கையைத் தனியே எடுத்து என் உலோகவியல் புத்தகத்துக்குள் வைத்தேன். பார்த்தசாரதியிடம் மட்டும் காட்டினேன்.

"போய் ஸ்கூல்ல சொல்லு. எழுதினது நான்தான்னு."

"டாக்குமென்ட் மோசடின்னு போலீசுக்குப் போனா?"

"போகலாம்."

"பான்ல ஸ்காலர்ஷிப் ஆபீசுக்குத் தெரிஞ்சா?"

"ஸ்காலர்ஷிப் போயிடும்."

"அப்புறம் எப்படிடா போய்ச் சொல்றது?"

"நான் போன்னுதான் சொன்னேன். ஈஸின்னு சொல்லல."

6.

பெட்ரோல் தட்டுப்பாட்டுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த சமயம் அது. நானும் யூரேவும் பெரிய சாலையின் நட்டநடுவில் நடந்தோம். ஊரே நடுச்சாலையில் இறங்கி நடந்தது. வந்தது இவ்வளவுதான் என்று சொல்லிக் கவரைக் கொடுத்தேன்.

அவர் நின்று கடிதத்தைப் படித்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். நான் எதிரே வந்த ஒரு நாயைப் பார்த்தேன்.

"சரி. ஊசிங்களுக்கு நான் இல்லாம முடியாது போல" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து சைக்கிள் மணி அடித்தது. நான் ஒதுங்கினேன். அவர் ஒதுங்கவில்லை. மணி மறுபடி அடித்தது, மூன்றாம் தடவையும் அடித்தது. கடைசியில் நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். சைக்கிள்காரப் பெண் திட்டிக்கொண்டே போனாள்.

"மணி அடிச்சாளா?" என்று கேட்டார் யூரே.

"இல்ல" என்றேன். அன்று அவரிடம் நான் சொன்ன பொய்களில் அது இரண்டாவது.

7.

இப்போது முடிவுகள். எழுத உட்காரும் முன்பே மனத்துக்குள் மூன்று தயார் செய்து வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: மாணவன் பள்ளிக்கு ஓடி உண்மையைச் சொல்கிறான். தலைமையாசிரியை கண்ணீர் விடுகிறார். யூரே வாசிக்கிறார், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். (தீபாவளி மலருக்கு ஆகும்.)

முடிவு இரண்டு: யூரேவுக்குக் காது முழுதும் போய்விடுகிறது, ஆனாலும் மனத்துக்குள் கேட்கும் இசையை வைத்து மகத்தான நாவல் எழுதுகிறார். (இதை எழுதினவனை அந்த எந்திரத்தின் முன்னால் ஒரு வாரம் நிறுத்த வேண்டும்.)

முடிவு மூன்று: மாணவன் ஒன்றும் செய்வதில்லை. வருஷங்கள் ஓடுகின்றன. மழை பெய்கிறது. மழை பெய்தால் இலக்கியம் ஆகிவிடும் என்பதால் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அப்போது போன ஞாயிற்றுக்கிழமை பானிலிருந்து வேதவல்லி வந்து எல்லாவற்றையும் கெடுத்தாள்.

8.

வேதவல்லி மாஸ்கோவில் ஐந்து வருஷம் ரஷ்ய மொழி படித்தவள். இப்போது பான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. மாதம் ஒருமுறை எங்கள் சமையலறையில் ரசம் சாப்பிட வருவாள். மேசையில் ஒரு குரோவேஷியப் பத்திரிகை கிடந்தது. கொலோனில் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் காலாண்டிதழ். யூரே இரண்டு வாரத்துக்கு முன் கொடுத்தது. "என் கதை வந்திருக்கு. உனக்குப் படிக்க வராது, அதனால தைரியமா தர்றேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"எனக்கு முக்கால்வாசி புரியுது, குரு. ரஷ்யனுக்குப் பக்கத்து வீடு மாதிரிதான்" என்றாள் வேதவல்லி. புரட்டியவள் சிரிக்க ஆரம்பித்தாள். "இதுல நீ வர்ற!"

"நானா?"

"குருன்னே பேர் போட்டிருக்கார். 'இந்தியாவிலிருந்து வந்த மாணவன். தபால்தலை ஒட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை யோசிக்கிறவன். தாளம் போட்டா பக்கத்து வீட்டுக் கடிகாரம் நின்னுடும்.'"

பார்த்தசாரதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். வேலை, விண்ணப்பம், திரும்பி வந்த கவர், காரில்லாத சாலை. சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"லெட்டர் அடியில 'இணைப்புகள்: அஞ்சு'ன்னு போட்டிருக்கு. தம்புரிட்சாக்காரன் எண்ணிப் பார்க்கிறான். கையில நாலுதான் இருக்கு. இந்தியன் நாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். தம்புரிட்சாக்காரன் கேட்கலாம்னு நினைக்கிறான், கேட்கல. மறுநாள் ஸ்கூல் கிளார்க்குக்கு போன் பண்ணி, அஞ்சாவது என்னன்னு தெரிஞ்சுக்கிறான்." பக்கத்தைத் திருப்பினாள். "குளிர்காலம் பூரா காத்திருக்கான். 'சின்னப் பையன். பயந்திருக்கான். பயம் தீர்ந்ததும் சொல்வான்.' இப்படியே மூணு தடவை வருது."

"முடிவு?" என்றான் பார்த்தசாரதி.

"முடிவுல இந்தியன் அந்த அஞ்சாவது பேப்பரை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போறான். கதவைத் தட்டறான். அவ்வளவுதான், நிறுத்திட்டார்." பத்திரிகையை மூடினாள். "அழகா இருக்கு. நிஜமாவே போனியா, குரு?"

ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கேவலமாகவும் இருந்தது. அதற்கு நடுவிலும் ஒரு மூலையில், இந்த மனுஷர் என்னைவிட நன்றாக எழுதுகிறாரே என்று எரிச்சல். நான் நாயைப் பார்த்தது வரைக்கும் கவனித்திருக்கிறார்.

9.

திங்களன்று செய்தித்தாளில் அதே விளம்பரம். பள்ளியில் சேர்ந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் போல. மாண்டலின் ஆசிரியர் தேவை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். பார்த்தசாரதி அதைக் கத்தரித்து நான் முகம் மழிக்கும் கண்ணாடியில் ஒட்டிவைத்தான்.

செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு யூரேவின் விடுதிக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து தம்புரிட்சாவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். விளம்பரத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் போட்டுப் பிரயோஜனம் இல்ல. அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு யூரே இருக்கான். முதல்ல அவனை யாராவது வெளியே அனுப்பணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. மெல்லிய தந்தியை மீட்டினார். தலையைச் சாய்த்து மறுபடி மீட்டினார். முறுக்காணியைத் திருகினார். பிறகு தம்புரிட்சாவை என் பக்கம் நீட்டினார்.

"இது சேர்ந்திருக்கா பாரு, குரு."

என்னிடம் கேட்கிறார். தாளம் போட்டால் நிறுத்தச் சொன்ன மனுஷர், என்னிடம் கேட்கிறார்! சேரவில்லை, எனக்கே தெரிந்தது. சேரவில்லை என்று சொன்னேன். "இன்னும் கொஞ்சம் மேலயா?" ஆமாம். "இப்போ?" இன்னும் கொஞ்சம். இப்படியே நாங்கள் இருவருமாக அந்த ஒரு தந்தியைச் சரிசெய்ய வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதை உவமை இல்லாமல் எழுதியதற்கு எனக்கு நானே ஒரு சபாஷ்.

10.

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலு பத்து.

ஞாயிறு இரவிலிருந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வகத்துக்கு லீவு போட்டுக்கூட எழுதினேன். வாக்கியங்களை மாற்றினேன், அடிக்குறிப்பு சேர்த்தேன், பிளம் பூவின் நிறத்தை நூலகத்தில் சரிபார்த்தேன். (வெள்ளைதான்.) "கதை எழுதறியா, டிமிக்கி குடுக்கறியா?" என்று காலையில் கேட்டான் பார்த்தசாரதி. இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு நல்ல பதில் இப்போது தோன்றுகிறது. அவன் ஆய்வகத்துக்குப் போய்விட்டான்.

அறிக்கையைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எங்கள் மாணவர் விடுதி வாசலில் நாலு இருபதுக்கு பஸ். அதைப் பிடித்தால் நாலு நாற்பதுக்குப் பள்ளியில் இருக்கலாம். அடுத்த பஸ்ஸில் போனால் கதவு பூட்டியிருக்கும். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஜெர்மனில் மனப்பாடம் செய்திருக்கிறேன்: 'தாள உணர்வு இல்லாதவன் நான். அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.' இரண்டே வாக்கியம். தப்பில்லாமல் சொல்வேனா என்று தெரியவில்லை.

அவர்கள் யூரேவைக் கூப்பிடுவார்களா, போலீசைக் கூப்பிடுவார்களா, பான் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வருமா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதி ஒருமுறை பட்டாகிவிட்டது. அதனால் அந்தப் பகுதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

மணி நாலு பதினாறு. கடைசி வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று கை துடிக்கிறது. என்னை எனக்குத் தெரியும். ஆகவே ஒன்று சொல்லிவைக்கிறேன்: இதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தால், நான் போகவில்லை.